காணாக்கடிக்கான புது மருந்து ஆய்வில் சேர விரும்பினால்: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது, அரிக்கிறது, சில மணி நேரத்தில் அடங்குகிறது, மறுநாள் வேறோர் இடத்தில் எழும்புகிறது. இப்படி ஆறு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட உர்டிகேரியா என்கிறார்கள் மருத்துவர்கள். நம் பக்கத்தில் காணாக்கடி என்போம். பாலக்கோட்டில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு, அரிப்பு மாத்திரை கேட்டு வருபவர்களின் முகங்கள் ஏறக்குறைய மனப்பாடம். அண்மைக் காலமாக அவர்களில் சிலர் கைப்பேசியில் ஏதோ ஒரு செய்தியைக் காட்டி, "அக்கா, பெங்களூரில் இதற்குப் புது மருந்தை இலவசமாகத் தருகிறார்களாமே, சேரலாமா?" என்று கேட்கிறார்கள். கூட வந்தவர் உடனே, "நம்மை வைத்துச் சோதனை செய்வார்கள், போகாதே" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்.

இரண்டு பேருமே ஆய்வின் தாளைப் படிக்காமல் பேசுகிறார்கள். பத்தாம் வகுப்புவரை படித்த யாரும் அந்தத் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் உறுதியான எண்ணம். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இது காணாக்கடிதானா?

புதிதாக எழும்பிய ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காணாக்கடியில் ஒரு தனித் தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தடயமின்றி மறைந்துவிடும். வட்டத்துக்குள் இருந்தது மறுநாளும் அப்படியே இருந்தால், அரிப்பைவிட வலியும் எரிச்சலும் மிகுந்தால், மறைந்த இடத்தில் கன்றிய கறை நின்றால், காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால், அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிடுங்கள்.

நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சுவிடச் சிரமம் ஏற்பட்டால் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம். உடனே 108.

இது தொற்றுநோய் அன்று. நாள்பட்ட, தானாக எழும்பும் வகையில் உணவு காரணமாக இருப்பது அரிது. கத்தரிக்காய், கருவாடு, மாம்பழம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் களியும் ரசமும் மட்டும் சாப்பிட்டு இளைத்துப்போனவர்களைப் பார்க்கிறேன். மனம் வலிக்கிறது. சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தடிப்பைக் கூட்டும். பத்தியம் இருப்பதைவிட அதைக் கவனிப்பது பயன் தரும்.

இரண்டாம் படி: ஏழு நாள் மதிப்பெண்

பெரும்பாலான ஆய்வுகள் இந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. பெயர் யு.ஏ.எஸ்.7. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில், கடந்த 24 மணி நேரத்தை நினைத்துப் பார்த்து இரண்டு எண்களை எழுதுங்கள். முதலாவது தடிப்பு: இல்லையென்றால் 0, இருபதுக்கும் குறைவு என்றால் 1, இருபது முதல் ஐம்பது வரை 2, ஐம்பதுக்கு மேலோ அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய திட்டாகவோ இருந்தால் 3. இரண்டாவது அரிப்பு: இல்லையென்றால் 0, இருக்கிறது ஆனால் தொந்தரவில்லை என்றால் 1, தொந்தரவாக இருந்தாலும் வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கவில்லை என்றால் 2, கெடுத்தால் 3. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6. ஏழு நாளுக்கு 42.

ஒரு வாரத்துக் கணக்கு 5, 4, 6, 3, 4, 5, 4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 31. இருபத்தெட்டும் அதற்கு மேலும் கடுமையான நிலை. 16 முதல் 27 வரை நடுத்தரம். 7 முதல் 15 வரை லேசானது. ஆறும் அதற்குக் கீழும் கட்டுக்குள் இருக்கும் நிலை. பல ஆய்வுகள் 16க்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. அதற்காக மாத்திரையை நிறுத்தி எண்ணைக் கூட்டிக் காட்ட நினைக்காதீர்கள். வழக்கமான மாத்திரையைச் சாப்பிட்டும் அடங்காதவர்களுக்குத்தான் புது மருந்து தேவை, ஆய்வு கேட்கும் கேள்வியும் அதுவே. உதடு, கண்ணிமை வீங்கிய நாட்களைத் தனியாகக் குறியுங்கள். இந்த எண்ணில் வீக்கம் சேராது.

மூன்றாம் படி: மருந்துக் கணக்கு

இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்துகளின் பெயர், அளவு, நிறுத்திய தேதி ஆகியவற்றை அதே நோட்டில் எழுதுங்கள். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் ஆகியவை முதல் கட்ட மருந்துகள். வழக்கமான அளவில் அடங்காவிட்டால், மருத்துவர் மேற்பார்வையில் நான்கு மடங்குவரை கூட்டலாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். பலருக்கு அதிலேயே அடங்கிவிடும். அந்த வாய்ப்பைத் தராமல் நேராக ஆய்வுக்கு ஓட வேண்டியதில்லை.

மிக முக்கியமானது ஸ்டீராய்டு. "ஒரு ஊசி போட்டால் அடங்கிவிடுகிறது" என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். அடங்கும்; சில நாளில் திரும்பும். சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் என்று அதற்கான விலை பிறகு வரும். அண்மையில் ஸ்டீராய்டு எடுத்தவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் ஒதுக்கிவைக்கின்றன. போட்ட ஊசியின் பெயர் தெரியாவிட்டால் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

நான்காம் படி: எந்த மருந்து எங்கே வேலை செய்கிறது

தோலில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அடைந்து கிடக்கிறது. செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். அது தூண்டப்பட்டதும் ஹிஸ்டமின் வெளியேறி, தோல் தடித்து அரிக்கிறது. பலருக்குத் தன் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்தத் தூண்டுதலைச் செய்கிறது.

செட்டிரிசின் வகை, வெளியேறிய ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கிறது. ஒமாலிசுமாப் ஊசி ஐ.ஜி.இ.யைப் பிடித்துக்கொள்கிறது, 2014இல் அமெரிக்கா இந்த நோய்க்கு இதை அனுமதித்தது. இந்தியாவிலும் கிடைக்கிறது, விலைதான் நம் குடும்பங்களுக்கு எட்டுவதில்லை. டூபிலுமாப் ஊசிக்கும் ரெமிப்ரூட்டினிப் மாத்திரைக்கும் 2025இல் அமெரிக்க அனுமதி வந்தது. ரெமிப்ரூட்டினிப், மாஸ்ட் செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் பி.டி.கே. என்ற நொதியைத் தடுக்கிறது. பார்சோல்வோலிமாப் ஊசி மாஸ்ட் செல்களையே குறைக்கிறது. அதன் மூன்றாம் கட்ட ஆய்வுகள், அதாவது அனுமதி கேட்பதற்கு முன் நிறைய நோயாளிகளிடம் நடத்தும் பெரிய ஆய்வுகள், 2024இல் தொடங்கின. முடியின் நிறம் வெளுப்பது இந்த மருந்துக்குப் பதிவான பக்கவிளைவு.

லிகெலிசுமாப் என்ற இன்னோர் ஊசியின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் கட்டத்தில், அதாவது குறைந்த நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வில், ஒமாலிசுமாபை மிஞ்சுவது போலத் தெரிந்தது. மூன்றாம் கட்டத்தில் வெற்று மருந்தை (உண்மையான மருந்து போலவே தோன்றும், ஆனால் மருந்தே இல்லாததை) வென்றது, ஒமாலிசுமாபை வெல்லவில்லை. 2021 டிசம்பரில் அந்த முடிவு வெளியானது. "இரண்டாம் கட்டத்தில் அபாரம்" என்ற செய்தியைக் காணும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வெற்று மருந்து எதற்கு?

மக்கள் மிகவும் கோபப்படும் இடம் இது. "வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவார்களா?" என்கிறார்கள். ராகி வயலில் பாதிக்குப் புது உரம் போட்டு, மீதிப் பாதியை வழக்கம்போல விட்டுவைத்தால்தான், விளைச்சல் கூடியது உரத்தாலா மழையாலா என்று தெரியும். காணாக்கடி தானாகவே கூடிக் குறையும் நோய் என்பதால் இங்கே அந்தப் பாதி கட்டாயம் வேண்டும்.

ரெமிப்ரூட்டினிப்பின் இரண்டு மூன்றாம் கட்ட ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எல்லோரும் வழக்கமான அரிப்பு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். 24 வாரத்துக்குப் பின் வெற்று மாத்திரைக்காரர்களுக்கும் மருந்து தரப்பட்டது. பன்னிரண்டாம் வாரத்தில் முதல் ஆய்வில், மருந்து பெற்றவர்களின் ஏழு நாள் மதிப்பெண் சராசரியாக 20 குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 13.8 குறைந்தது.

இந்த இரண்டாவது எண்ணைத் திரும்பப் படியுங்கள். மருந்தே இல்லாத மாத்திரையோடு பதினான்குக்குப் பக்கத்தில் குறைந்திருக்கிறது! அந்தப் பிரிவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தடிப்பும் அரிப்பும் முற்றிலும் நின்றன. மருந்துப் பிரிவில் 31 சதவீதத்தினருக்கு நின்றன. ஆக, மருந்து தந்த கூடுதல் பலன் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. "இந்தப் பொடியைச் சாப்பிட்டேன், ஒரு மாதத்தில் போய்விட்டது" என்று உறவினர் சொல்லும்போது, அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பொடி சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது.

பக்கவிளைவையும் இதே போல இரண்டு பிரிவாகப் படிக்க வேண்டும். தோலில் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள் மருந்துப் பிரிவில் 3.8 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரைப் பிரிவில் 0.3 சதவீதத்தினருக்கும் வந்தன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஆறாம் படி: ஆய்வைத் தேடுவது

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. (CTRI). இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007இல் தொடங்கியது. மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 முதல் கட்டாயம். இணையத்தில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை, உள்நுழையவும் வேண்டாம். தேடும் கட்டத்தில் உர்டிகேரியா என்பதை ஆங்கிலத்தில் (urticaria) தட்டச்சு செய்யுங்கள்.

வருகிற பட்டியலில் ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி ஆய்வுகளும் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளும் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து ஐந்து இடங்களை மட்டும் பாருங்கள். இந்தியாவில் ஆள்சேர்ப்பு நிலை: திறந்திருக்கிறதா, முடிந்துவிட்டதா? ஆய்வு நடக்கும் இடங்கள்: எந்த மருத்துவமனை, எந்த ஊர்? சேர்க்கும் தகுதிகளும் விலக்கும் காரணங்களும்: உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்: அந்த மருத்துவமனைக்குக் கிடைத்துவிட்டதா? கடைசியாக, தலைமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி: புது மருந்து என்றால் இது இருந்தே ஆக வேண்டும். பதிவேட்டில் எண் இருப்பது மட்டுமே அரசு அனுமதி ஆகிவிடாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பதிவேட்டில் இல்லாத ஆய்வுக்கு யாராவது ஆள் திரட்டினால் போகாதீர்கள்.

ஏழாம் படி: ஒப்புதல் படிவம்

2019இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நம் மாவட்டங்களில் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் ஏராளம்; எந்த மொழி வசதியோ அதில் கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சை உண்டு, இழப்பீடும் உண்டு. ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்கான பரிசோதனைக்கோ உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்து வந்து, பிள்ளைகளையோ தெரிந்த ஆசிரியரையோ வைத்துப் படியுங்கள். மறுமுறை போகும்போது இவற்றைக் கேளுங்கள்: வெற்று மருந்து வர எத்தனை வாய்ப்பு? தடிப்பு மிகவும் கூடினால் இடையில் என்ன மருந்து எடுக்கலாம்? ஆய்வு முடிந்தபின் மருந்து எனக்குப் பலன் தந்திருந்தால், தொடர்ந்து கிடைக்குமா? இந்த மூன்றாவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஓராண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டு மறுபடி அரிப்புக்குத் திரும்புவது கொடுமை. குழந்தை பெறும் திட்டம் இருக்கும் பெண்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். புது மருந்து ஆய்வுகளில் கர்ப்பம் தவிர்க்கச் சொல்வார்கள்.

எட்டாம் படி: போய்வரும் கணக்கு

ஓசூர்க்காரருக்குப் பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ கிளம்புபவருக்கு ஒரு நாள் கூலி முழுதும் போகும். வருகைக்கான அட்டவணையை எழுதி வாங்கி, மா அறுவடை, விதைப்பு, பிள்ளைகளின் தேர்வு ஆகியவற்றோடு பொருத்திப் பாருங்கள். பயணச் செலவு தருவார்களா, எப்போது தருவார்கள் என்று கேட்டு, பதிலைப் படிவத்திலேயே காட்டச் சொல்லுங்கள். இடையில் வருகைகள் தவறினால் ஆய்வின் கணக்கும் கெடும், உங்கள் பாதுகாப்புக்கான இரத்தப் பரிசோதனையும் தவறும்.

சேர்ந்துவிட்டால், ஆய்வு மருத்துவரின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். காய்ச்சலுக்கு உள்ளூர் மருத்துவரிடம் போனாலும், எங்களைப் போன்றவர்களிடம் மருந்து வாங்க வந்தாலும், ஆய்வில் இருப்பதை முதலில் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.