நீதிமன்றத்தின் அரசியல் பலத்தைக் கணிப்பது எப்படி?

முதலில், நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியுமா என்று பாருங்கள். பிரிட்டனில் முடியாது, மனித உரிமைகளுக்கு முரணானது என்று அறிவித்தாலும் சட்டம் நீடிக்கும்.

அடுத்து, தீர்ப்பை அரசு தாண்ட வழி உண்டா? கனடாவில் உரிமைகள் சாசனத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டி, சில உரிமைகளை 5 ஆண்டுவரை ஒதுக்கிவைத்துச் சட்டம் இயற்றலாம், பிறகு புதுப்பிக்கவும் செய்யலாம். இந்தியாவிலோ அரசியலமைப்பைத் திருத்தினாலும் எப்போதும் தப்ப முடியாது: அதன் அடிப்படை அம்சங்களைத் திருத்தத்தால் சிதைக்க முடியாது என்று, 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 7-6 என்ற நீதிபதிகள் பெரும்பான்மையில் பிறந்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு குறுக்கே நிற்கும்.

பிறகு நீதிபதிகள் நியமனம். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பதவி 12 ஆண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆயுள் பதவி, செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். காலியிடத்துக்கு அத்தனை சண்டை அதனால்தான்.

பலர் சறுக்குவது, ரத்தான சட்டங்களை மட்டும் எண்ணுவதில். நீதிமன்றத்துக்கு அஞ்சி மசோதாவிலேயே கைவிட்ட பிரிவுகள் அந்தக் கணக்கில் வராது. மசோதாவின் முந்தைய வடிவங்களையும் குழு அறிக்கைகளையும் ஒப்பிடுங்கள்.