ஐந்து துறை, ஒரு ஏரி: சுற்றுச்சூழலைச் சேர்ந்து கற்பிக்கும்போது செய்யக் கூடாதவை

சென்னையில் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஆம் தேதி மரக்கன்று நடாத கல்லூரி அநேகமாக இல்லை. கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், மண் இன்னும் சுடும். நடுவில் சில மாலைகளில் இடியோடு மழை வரும் என்றாலும், இந்த ஊரின் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் பெய்கிறது. அதுவரை கன்றின் உயிர் தோட்டக்காரர் கையில். அதே வளாகத்தில் தாவரவியல் துறை இருக்கும், புவியியல் துறையும் இருக்கும். கன்றை எப்போது நடலாம் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

‘சஸ்டைனபிள் டெவலப்மென்ட்’டுக்கு வளங்குன்றா வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி என்று பெயரிலேயே நமக்கு இன்னும் ஒற்றுமை வரவில்லை. அது போகட்டும். பல துறைகள் சேர்ந்து நடத்தும் படிப்பும் ஆராய்ச்சியும் சறுக்குவது பெரும்பாலும் அந்த மரக்கன்று போலத்தான்: அறிவு வளாகத்துக்குள்ளேயே இருக்கும், கேள்விதான் அதனிடம் போகாது. கீழே நான் சொல்வதில் பாதி நானே செய்த தவறு.

முதலில் ஈ.வி.எஸ். எனப்படும் சுற்றுச்சூழல் கல்விப் பாடம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2003இல் மறுபடி வலியுறுத்தியதும்தான் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கின. பல்கலைக்கழக மானியக் குழு அப்போது தந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் 100க்கு 25 மதிப்பெண் களப்பணிக்கு. நடப்பது என்ன? யாருக்கு வகுப்பு குறைவாக இருக்கிறதோ அவர் தலையில் பாடம் விழுகிறது. களப்பணி என்பது பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்ட நாற்பது பக்கமாகிறது. எல்லாத் துறைக்கும் பொதுவான பாடம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் போய்விடுகிறது.

இதற்கு மாற்றாக நாங்கள் சிலர் ஒரு விருப்பப் பாடம் தொடங்கினோம். ஐந்து துறை, ஆளுக்கு மூன்று வாரம். சிவில்காரர் வந்து கழிவுநீர் சுத்திகரிப்பைச் சொன்னார், பொருளாதாரக்காரர் கார்பன் வரியைச் சொன்னார், நான் சட்டத்தைச் சொன்னேன். கடைசி வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “சார், நீங்க அஞ்சு பேரும் ஒரு தடவைகூட ஒண்ணா ஒரே க்ளாஸ்ல உக்காரலையே” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் அறையில் இருந்திருந்தால் குறைந்தது நான்கு இடத்திலாவது சண்டை வந்திருக்கும். அந்தச் சண்டைதான் பாடமே.

அடுத்த ஆண்டு தலைப்பை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்தோம். தாம்பரம் பக்கம் ஒரு ஏரி. போன முதல் நாளே ஒன்று தெரிந்தது: ‘ஏரி’ என்ற ஒரு சொல்லை ஐந்து பேரும் ஐந்து பொருளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பொறியாளருக்கு அது இத்தனை கன அடி கொள்ளளவு. வருவாய்ப் பதிவேட்டில் அது ஒரு சர்வே எண், நீர்நிலைப் புறம்போக்கு. பறவை பார்ப்பவருக்குக் கோடையில் வற்றிக் கிடக்கும் உள்வாயும், அதாவது நீர் தேங்கும் உட்பரப்பும், ஏரிதான். கட்டடம் கட்ட நினைப்பவருக்கு அது சும்மா கிடக்கும் இடம். புறம்போக்கு என்றால் தீர்வை விதிக்கப்படாத பொது நிலம். அதை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

அன்று இன்னொன்றும் நடந்தது. ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் அமைப்புக்குக் கலங்கல் என்று பெயர். தமிழ்த்துறை மாணவனுக்கு அந்தச் சொல் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. சிவில் மாணவனுக்கு அதன் கணக்கு முழுக்க அத்துப்படி, ‘சர்ப்ளஸ் வியர்’ என்றுதான் பெயர் தெரியும். இருவரும் அதன் மேலேயே நின்றுகொண்டு அதைத் தேடினார்கள். அன்றிலிருந்து முதல் இரண்டு வகுப்பும் சொற்களுக்குத்தான்: மதகு (பாசனத்துக்கு நீர் திறக்கும் கதவு), கலங்கல், உள்வாய், ஆயக்கட்டு (ஏரி நீரில் பாசனம் பெறும் நிலம்). இதை நேர விரயம் என்று நினைக்கிற சக ஆசிரியர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

சொல்லைச் சரிசெய்தால் அடுத்து எல்லை இடிக்கும். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. சமூகவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் தரவு வார்டுவாரியாகத்தான் கிடைக்கும். தண்ணீருக்கு வார்டு தெரியாது. 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரோடு, நகரத்துக்கு வெளியே வரிசையாக இருந்த ஏரிகளின் உபரியும் சேர்ந்திருந்தது. அடையாற்றங்கரையில் இருக்கும் சைதாப்பேட்டை வார்டுத் தரவை வைத்துக்கொண்டு அந்த வெள்ளத்தை விளக்கப் பார்ப்பது, வாலைப் பிடித்துக்கொண்டு யானையை எடைபோடுவது. எந்த எல்லை, எத்தனை ஆண்டு என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எல்லாத் துறையும் உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால், கடைசியில் ஒட்டாத இரண்டு வரைபடங்கள்தான் மிஞ்சும்.

தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு பிரச்சினையைத் தேடுவது இன்னொரு வியாதி. மழைநீர் சேகரிப்பை 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது, நல்ல காரியம். ஆனால் திருவான்மியூர் மணலில் சரசரவென்று இறங்கும் நீர் விருகம்பாக்கம் களிமண்ணில் குழிக்குள்ளேயே நிற்கும், வேளச்சேரியில் கொஞ்சம் ஆழத்திலேயே பாறை தட்டும். ஒரே குழி வடிவமைப்பை மூன்று இடத்துக்கும் வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டது நான்தான். மண்ணைப் பற்றிச் சொல்ல நிலவியல்காரரை நான் கூப்பிடவே இல்லை.

சமூகவியல் போல மனிதர்களைப் படிக்கும் துறைகளைக் கடைசியில் கூப்பிடுவதும் இதே வகை. கருவி தயாரான பிறகு, “மக்கள் ஏத்துக்கறாங்களான்னு ஒரு சர்வே எடுத்துக் கொடுங்க” என்று ஒரு மின்னஞ்சல் வரும். மக்கள் அதைக் கேட்டார்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

உதாரணங்களையும் தொலைவிலிருந்தே இறக்குமதி செய்கிறோம். பொதுவளங்களை மக்களே ஆள முடியும் என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர், அவரைப் படிக்கட்டும். ஆனால் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் முறைவைத்து வலைவிடும் ‘பாடு’ ஏற்பாடு அதே விஷயம்தான், ஒரு நாளில் போய் வந்துவிடலாம். தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் வெளிநாட்டு நகரத்தைத் தேடவேண்டியதில்லை. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து இங்கே ரயிலில் குடிநீர் வந்தது, வெள்ளம் வந்த நான்கே ஆண்டில்.

நிர்வாகச் சிக்கல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டு துறை சேர்ந்து ஒரு மாணவரை வழிநடத்தினால் படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். இருவர் ஒரே வகுப்பில் நின்றால் பணிச்சுமைக் கணக்கில் ஆளுக்கு அரை மணி. இவற்றைப் பாடம் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

கடைசியாக, களத்தில் உள்ளவர்களை ஆய்வின் வெறும் ‘சாம்பிள்’ எண்ணிக்கையாக நினைப்பது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலை ஆராய ஓர் ஆய்வுக் குழு வந்து நீர் மாதிரி எடுக்கும், 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு இன்னொரு குழு. எங்கள் மாணவர்கள் கேள்வித்தாளோடு போனபோது ஒரு மீனவர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: “போன தடவ வந்தவங்களும் இதேதான் கேட்டாங்க. அவங்க எழுதுனது என்னாச்சு?” யாருக்கும் தெரியவில்லை. இப்போது பருவத்தின் கடைசி வாரத்தை, கண்டதை அவர்களிடமே போய்த் தமிழில் சொல்வதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். போன முறை அந்த வாரத்தில் வாய்மொழித் தேர்வைப் போட்டுவிட்டார்கள். விடுமுறையில் மாணவர்கள் ஏழு பேர்தான் வந்தார்கள், சரி என்று ஒரு வேனில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.