தட்டான் குஞ்சும் வெள்ளைப் புள்ளிகளும்: என் அனுபவம்

குளத்திலிருந்து கொண்டுவந்த, சிறகு முளைக்காத தட்டான் குஞ்சைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு சின்னப் பூச்சிகளை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸில் எடுத்தால், படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கூடவே கண்ணாடியில் கேமராவின் பிம்பம். லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன், கோளாறு வெளிச்சத்தில் இருந்தது. கேமரா மேலிருந்த ஃபிளாஷ், நீரில் மிதக்கும் தூசியையெல்லாம் நேராக அடித்து மினுக்கவைத்திருக்கிறது.

சரி என்று குளத்து நீரையே துணியில் வடிகட்டி, ஒரு ராத்திரி அசையாமல் வைத்தேன். கண்ணாடியில் ஒட்டிய குமிழ்களைத் தூரிகையால் தள்ளிவிட்டேன். ஃபிளாஷைக் கழற்றி, தொட்டிக்கு மேலிருந்து பட்டர் பேப்பர் வழியாக அடிக்கவிட்டேன். லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்ட கறுப்புத் துணியை முன்னால் தொங்கவிட்டதும் பிம்பமும் போனது. அப்புறம் உள்ளே ஒரு கண்ணாடித் துண்டைச் செருகி, பூச்சி இரண்டு விரற்கடை இடத்துக்குள்ளேயே நடமாடும்படி செய்தேன். லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கியதும் ஃபோகஸ் தப்பவில்லை.

ஒரு கொசுப்புழுவை விட்டேன். தலைக்கடியில் மடிந்திருந்த கீழுதடு கை போல நீண்டு பாய்ந்து, நுனிக் கொக்கிகளால் புழுவைக் கவ்வி வாய்க்கு இழுத்தது. கண்ணுக்குப் பிடிபடாத வேகம். முப்பதாவது முயற்சியில்தான் படத்தில் சிக்கியது. எத்தனை அழகு!

இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விடாதீர்கள், ஒன்றையொன்று தின்றுவிடும். மாலையில் அதைப் பிடித்த குளத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.