கேம் கேப் போல்டை இறுக்கும்போது

என்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை மேலிருந்து பிடித்திருக்கும் மூடிகளே கேம் கேப்கள். அவற்றை இடம் மாற்றிப் போடவே கூடாது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேர்த்துக் கடைந்தவை அவை. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய கேப் ஒன்றை மட்டும் தேடி வாங்கிப் போட்டால் கேம் பிடித்துக்கொள்ளும்.

போல்ட் துளையில் தேங்கிய எண்ணெயைத் துடைத்தெடுங்கள். இல்லாவிட்டால் போல்ட் இறங்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் ஹெட்டில் வெடிப்பு விழலாம். ஜேர்னலில், அதாவது கேம் தண்டு கேப்புக்குள் சுழலும் பகுதியில், எண்ணெய் பூசி, கேப்பை இடத்தில் நிறுத்தும் டவல் பின்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அம்புக்குறிப்படி கேப்பை வையுங்கள்.

முதலில் விரலால். பிறகு வால்வ் ஸ்பிரிங் தள்ளும் பக்கத்திலிருந்து குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாக, கேப் சரியாமல் சமமாக இறங்கட்டும். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் கேப் உடையும்.

6 மில்லிமீட்டர் போல்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம். உங்கள் என்ஜின் மேனுவல் சொல்வதே முடிவு. இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச்சில் அரை அங்குலத்தது இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது, சிறியது வேண்டும். இறுக்கியதும் கேம் பிடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.