குளிர்த் தீவில் எரிமலை ஏன்? வரைபடத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

ஐஸ்லாந்து, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுத்தொடர், தெற்கு இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவு. எல்லாம் குளிரான இடங்கள், எல்லாவற்றிலும் எரிமலை. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் பூமியின் மேலோட்டுக்குள் ஆழம் கூடக் கூட கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். அதனால் காரணத்தை வானிலையில் தேடாமல் புவித்தட்டுகளில் (மெல்ல நகரும் பூமியின் மேற்பாறைப் பலகைகளில்) தேடுங்கள்.

1. கடலடியைப் பாருங்கள்

கூகுள் எர்த் போதும். தட்டையான மெர்கேட்டர் வரைபடம் வேண்டவே வேண்டாம், துருவப் பகுதிகளை ஊதிக் காட்டிவிடும். அலூஷியனுக்குத் தெற்கே வில்லாக வளைந்த ஆழ்கடல் அகழி பளிச்சென்று தெரியும். ஐஸ்லாந்தில் அகழி கிடையாது. தட்டுகள் விலகும் இடமான மத்திய அட்லாண்டிக் கடலடி மலைத்தொடர் தென்மேற்கிலிருந்து ஏறி, தீவை ஊடுருவி வடக்கே போகும். ஹெர்ட் தீவோ அண்டார்டிகத் தட்டின் விளிம்பை விட்டுத் தள்ளி நிற்கிறது. அங்கே வெப்பப்புள்ளிதான் (ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடம்) காரணம் என்று கருதுகிறார்கள்.

2. நிலநடுக்கங்களின் ஆழம்

யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) தளத்தின் நிலநடுக்கத் தேடலில் அளவு (magnitude) 4.5க்கு மேல், பத்து ஆண்டுகள் என்று கொடுங்கள். அலூஷியன் தொடர் 180 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டுவதால் மேற்கு எல்லை 170, கிழக்கு எல்லை 190 என்று போடுங்கள். 190-க்குப் பதில் -170 என்று போட்டால் தேடல் சரிவராது. அகழியிலிருந்து வடக்கே போகப் போக ஆழம் கூடினால் ஒரு தட்டு சரிந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். ஐஸ்லாந்தில் எல்லாம் ஆழம் குறைவாகவே இருக்கும்.

சரியாக 10 கி.மீ. என்று வரிசையாக வந்தால் அதை அளந்த ஆழமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழத்தைக் கணிக்க முடியாதபோது போடும் எண் அது.

3. பாறை ஏன் உருகுகிறது?

பலரும் சறுக்குவது இங்கேதான். கீழே குழம்புக் கடல் எதுவும் இல்லை. மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசப் பகுதி கிட்டத்தட்ட முழுக்கத் திடப் பாறை. சூடாக இருந்தும் உருகாததற்குக் காரணம் அழுத்தம். ஐஸ்லாந்தில் தட்டுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. விலக, அடியிலுள்ள சூடான பாறை மேலேறுகிறது. சூடு கூடாமலே அழுத்தம் குறைவதால் ஒரு பகுதி உருகுகிறது. அடியிலிருந்து கூடுதல் சூட்டோடு எழும் பாறையும் சேர்வதால்தான் அங்கே மலைத்தொடர் கடலுக்கு மேலே தலைகாட்டுகிறது.

அலூஷியனில் கதையே வேறு. உள்ளே போகும் பசிபிக் தட்டு உருகித்தான் எரிமலை வருகிறது என்று சொல்வது தவறு. அது ஒப்பீட்டளவில் குளிர்ந்த தட்டு. கனிமங்களில் பிடித்து வைத்திருந்த நீரைச் சுமார் 100 கி.மீ. ஆழத்துக்குள் அது விட்டுவிடும். அந்த நீர் மேலே உள்ள கவசப் பாறையின் உருகுநிலையைப் பல நூறு டிகிரி இறக்கிவிடும். உருகுவது அந்தக் கவசப் பாறைதான்.

4. பனியின் பங்கு

பனி வெடிப்பின் தன்மையை மாற்றும். 2010-ல் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை வெடித்தபோது உருகுநீர் பட்டுப் பாறைக்குழம்பு நொறுங்கி நுண்சாம்பலானது. ஐரோப்பாவில் விமானங்கள் நின்றன. பனியின் எடை குறைந்தாலும் அடியில் அழுத்தம் தளரும். கடைசிப் பனியுகம் முடிந்தபோது ஐஸ்லாந்தில் வெடிப்புகள் பெருகியது அப்படித்தான்.

5. பயிற்சிக்கு டிசெப்ஷன் தீவு

அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய இந்தத் தீவு 1967, 1969, 1970-ல் வெடித்தது. வடமேற்கே தெற்கு ஷெட்லாண்ட் அகழி தெரியும். பார்த்தவுடன் அலூஷியன் வகை என்று எழுதிவிடாதீர்கள். அங்கே தட்டு அமிழ்வது ஏறத்தாழ நின்றுவிட்டது; தீவு நிற்பது விரிந்துகொண்டிருக்கும் பிரான்ஸ்ஃபீல்ட் நீரிணையில். அகழியைப் பார்த்த கையோடு அதன் பின்பக்கத்தில், தீவு இருக்கும் பக்கத்தில், கடலடி விரிகிறதா என்றும் பாருங்கள்.