சேர்ந்து ஓடும் செயல்முறைகளின் மொத்தச் செலவை அளப்பது எப்படி? லினக்ஸ் சி-குரூப்: தொடக்கநிலை விளக்கம்

ஆதம்பாக்கத்தில் வார இறுதி நாள்களில் நான் நடத்தும் வகுப்புக்கு, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு பழைய கணினிதான் சர்வர். 8 ஜிபி நினைவகம், நான்கு கோர் சிபியு, உபுண்டு 22.04. மாணவர்களின் பயிற்சிக்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், பழைய இதழ்களின் பக்கப் படங்களை டெஸராக்ட் கொண்டு எழுத்தாக மாற்றும் வேலையும் அதிலேயே நடக்கின்றன. ஒரு சனிக்கிழமை அது மிகவும் மந்தமானபோது, ஓடும் செயல்முறைகளை (அதாவது, இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களை) வரிக்கு ஒன்றாகப் பட்டியலிடும் டாப் கட்டளையைத் திறந்து போஸ்ட்கிரெஸ் வரிகளின் நினைவக அளவுகளைக் கூட்டிப் பார்த்து, தரவுத்தளத்தின் மீதே பழி போட்டேன். அது தவறு. டாப் காட்டுவது தனித்தனிச் செயல்முறைகளை. நமக்குத் தேவைப்படுவதோ ஒரு வேலைக்காகச் சேர்ந்து ஓடும் செயல்முறைகள் அனைத்தின் கணக்கு.

தனிவரிகளைக் கூட்டுவதில் இரண்டு பிழைகள் நேர்கின்றன. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு செயல்முறையைத் தொடங்குகிறது. அவை எல்லாம் பொதுவான ஒரு நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன, அதன் இயல்பு அளவு 128 எம்பி. அந்தப் பகுதியை முழுவதும் தொட்டுவிட்ட 20 இணைப்புகள் இருந்தால், ஒரே 128 எம்பி டாப்பில் இருபது முறை எண்ணப்பட்டு, இரண்டரை ஜிபி செலவானது போன்ற தோற்றத்தைத் தரும். இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது: பக்கத்துக்கு ஒரு டெஸராக்ட் செயல்முறை தோன்றிச் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், நாள் முழுவதும் சிபியுவைத் தின்ற வேலை எந்த வரியிலும் நிலைத்து நின்று கண்ணில் படுவதே இல்லை.

இவ்விரண்டையும் தீர்ப்பதுதான் லினக்ஸின் மைய நிரலான கர்னலுக்குள் இருக்கும் சி-குரூப் வசதி. அது செயல்முறைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் மொத்தக் கணக்கை வைத்திருக்கிறது. கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய இந்தப் பணி, 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் சேர்ந்தது. 2016இல் வந்த 4.5 கர்னலில் அதன் இரண்டாம் பதிப்பு முறையாக இடம்பெற்றது. உபுண்டுவில் 21.10 முதல் இரண்டாம் பதிப்பே இயல்பாக இயங்குகிறது. ஒரு செயல்முறை பெற்றெடுக்கும் பிள்ளைச் செயல்முறைகள் தாயின் குழுவிலேயே பிறக்கின்றன. அவை முடிந்துபோன பிறகும் அவை செலவிட்ட சிபியு நேரம் குழுவின் கணக்கில் நிற்கும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். சமம் என்று எழுதியிருக்கும் இடத்தில் சமக் குறியை இட வேண்டும்.

முதல் படி: குழுக்களைப் பாருங்கள்

சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ் என்ற கட்டளையை இயக்கினால், எந்தச் செயல்முறை எந்தக் குழுவில் இருக்கிறது என்பது ஒரு குடும்ப மரம் போல விரியும். பின்னணியில் ஓடும் நிரல்களான சர்வீஸ்கள் சிஸ்டம்.ஸ்லைஸ் என்ற கிளையிலும், உள்நுழைந்த பயனர்கள் இயக்குபவை யூசர்.ஸ்லைஸ் என்ற கிளையிலும் இருக்கும். வேறு எதையும் செய்வதற்கு முன் இந்த மரத்தில் சில நிமிடங்கள் செலவிடுங்கள். உங்கள் வேலை எந்தக் கிளையில் இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கும் அளவுகள் பயன்படா.

இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று கேட்டால், உபுண்டுவில் அந்தச் சர்வீஸ் ஓடி முடிந்துவிட்டதாகக் காட்டும். நினைவக அளவும் இராது. அது வெறும் பெயரளவிலான சர்வீஸ். உண்மையான தரவுத்தளம், பெயரோடு அட் குறியும் 14-மெயின் என்ற ஒட்டும் சேர்ந்த மற்றொரு சர்வீஸில் ஓடுகிறது. அந்தப் பெயரைக் கொடுத்தால் டாஸ்க்குகளின் எண்ணிக்கை, நினைவகம், சிபியு நேரம் மூன்றும் குழு முழுமைக்கும் கிடைக்கும்.

இரண்டாம் படி: நேரலையில் கண்காணியுங்கள்

சிஸ்டம்டி-சிஜிடாப் கட்டளை, டாப்பைப் போலவே தானாக, நொடிக்கொரு முறை என்ற இயல்பு வேகத்தில் புதுப்பித்துக்கொண்டு, செயல்முறைகளுக்குப் பதிலாகக் குழுக்களைக் காட்டும். எம் விசையை அழுத்தினால் நினைவக வரிசை, சி விசைக்குச் சிபியு வரிசை, கியூ விசைக்கு வெளியேற்றம். சிபியு விழுக்காடு நூறைத் தாண்டினால் அஞ்ச வேண்டியதில்லை. நான்கு கோர் உள்ள கணினியில் அது 400 வரை போகலாம். வட்டுப் படிப்பு, எழுத்துப் பத்திகளில் கோடு மட்டும் தெரிந்தால், அந்தக் கணக்கு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டி கட்டளையில் சர்வீஸ் பெயரோடு ஐஓஅக்கவுன்டிங் சமம் யெஸ் என்று கொடுத்து அதை இயக்கலாம்.

மூன்றாம் படி: உங்கள் வேலைக்கென ஒரு குழு

சர்வீஸாக அல்லாமல் டெர்மினலில் நேரடியாக இயக்கும் வேலையையும் தனிக் குழுவில் வைக்கலாம். சிஸ்டம்டி-ரன் கட்டளைக்குப் பின், ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு ஹைஃபன்கள் இட்டு, யூசர், ஸ்கோப், யூனிட் சமம் ஸ்கேன் என்ற மூன்று தேர்வுகளையும் எழுதி, இறுதியில் உங்கள் ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுங்கள். அந்த ஸ்கிரிப்ட் தொடங்கும் எல்லா டெஸராக்ட் செயல்முறைகளும் ஸ்கேன்.ஸ்கோப் என்ற ஒரே பெயரில் அடங்கிவிடும். ஆனால் சிஜிடாப் மூன்று நிலை ஆழம் வரைதான் இயல்பாகக் காட்டும். பயனரின் குழுக்கள் அதற்கும் கீழே இருப்பதால், முன்னே இரண்டு ஹைஃபன்களோடு டெப்த் சமம் 6 என்ற தேர்வைச் சேர்க்காவிட்டால் நீங்கள் உருவாக்கிய குழு கண்ணுக்கே தெரியாது.

நான்காம் படி: கோப்புகளை நேரடியாகப் படியுங்கள்

மேலே சொன்ன கருவிகள் காட்டும் எண்களெல்லாம் சிஸ், எஃப்எஸ், சிகுரூப் என்று ஒன்றினுள் ஒன்றாக இருக்கும் கோப்புறைகளிலிருந்து வருபவை. குழுவுக்கு ஒரு கோப்புறை. அதற்குள் இருப்பவை கேட் கட்டளையால் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகள். இந்தப் படியை எவரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மெமரி.கரன்ட் கோப்பில் குழுவின் மொத்த நினைவகம் பைட்டுகளில் இருக்கும். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குழு வட்டிலிருந்து படித்த கோப்புகளைக் கர்னல் நினைவகத்தில் தக்கவைத்திருப்பதும் இதில் சேர்கிறது. நெருக்கடி வந்தால் அதில் பெரும்பகுதியைக் கர்னல் தானே விடுவித்துவிடும். ஆகவே பக்கத்திலிருக்கும் மெமரி.ஸ்டாட் கோப்பைத் திறந்து, அனான் என்ற வரியையும் ஃபைல் என்ற வரியையும் ஒப்பிடுங்கள். அனான் என்பது நிரல்கள் தம் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் நினைவகம். அது நாளுக்கு நாள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், நினைவகக் கசிவு (நிரல் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் போவது) இருக்கிறதா என்று தேடத் தொடங்கலாம். ஃபைல் வரி மட்டும் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் போஸ்ட்கிரெஸின் பகிர்ந்த பகுதி ஃபைல் வரியில்தான் சேரும் என்பதால், அதற்கு மட்டும் எஸ்ஹெச்மெம் என்ற வரியையும் தனியே பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

சிபியு.ஸ்டாட் கோப்பில் யூசேஜ்_யூசெக் என்ற வரி, குழு உருவானது முதல் செலவான சிபியு நேரத்தை மைக்ரோநொடிகளில் தருகிறது. பத்து நொடி இடைவெளியில் இருமுறை படித்துக் கழியுங்கள். வேறுபாடு 50,00,000 என்று வந்தால், பத்து நொடிகளில் ஐந்து நொடி சிபியு செலவாகியிருக்கிறது. அதாவது ஒரு கோரில் பாதி. இந்தக் கழித்தலைச் செய்தபோதுதான், நான்கு கோர்களையும் டெஸராக்ட் குழு கிட்டத்தட்ட முழுமையாகப் பிடித்திருந்ததும், தரவுத்தளம் அதனிடம் முறை வாங்கக் காத்திருந்ததும் எனக்குத் தெரிந்தன.

மெமரி.பிரஷர் கோப்பு, குழு எவ்வளவு தவிக்கிறது என்பதைச் சொல்லும். அதில் சம் (‘சில’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்று தொடங்கும் வரியின் முதல் எண், கடந்த பத்து நொடிகளில் குழுவின் ஏதேனும் ஒரு டாஸ்க்காவது நினைவகத்துக்காகக் காத்துநின்ற நேரத்தின் விழுக்காடு. அது பூச்சியமாகவே இருக்கும்வரை, நினைவகப் பயன்பாடு எவ்வளவு உயர்ந்து தெரிந்தாலும் குழு நெருக்கடியில் இல்லை. மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் ஓஓஎம்_கில் வரி பூச்சியத்துக்கு மேல் இருந்தால், நினைவகம் போதாமல் குழுவின் செயல்முறை ஏதோ ஒன்று கொல்லப்பட்டிருக்கிறது.

நீங்கள் உடனில்லாத நேரத்தின் கணக்கு வேண்டுமானால், சிஜிடாப் கட்டளையோடு ஹைஃபன் பி, ஹைஃபன் என் 2 என்ற தேர்வுகளைக் கொடுத்து, வெளியீட்டை ஒரு கோப்பின் இறுதியில் சேர்க்கும்படி குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானே இயக்கும் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள். எண்ணிக்கை 2 என்பது முக்கியம்: சிபியு விழுக்காடு இரு அளவுகளின் வேறுபாடு என்பதால், முதல் சுற்றில் அந்தப் பத்தி வெற்றாகவே இருக்கும், இரண்டாம் சுற்றின் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.