1996-ம் ஆண்டு டாக் கோப்பைத் திறந்தது எப்படி

அப்பா 1996-ல் வேர்டில் தட்டச்சு செய்து, டாக் (.doc) கோப்பாக வைத்த குடும்ப வரலாறு அது. புதிய வேர்டு மென்பொருளில் திறந்தால், இந்த வகைக் கோப்பு தடுக்கப்பட்டுள்ளது என்று நின்றுவிட்டது. மனசு பதறிப்போச்சு. கோப்பு கெடவில்லை, பாதுகாப்புக்காகப் பழைய கோப்பு வடிவங்களைத் தடுத்திருக்கிறார்கள். அமைப்புகளில் அந்தத் தடையை நீக்க வழியுண்டு, நான் அதைத் தொடவில்லை.

முதலில் நகல் எடுத்துக்கொண்டேன். அப்புறம் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். திறந்தது! ஆனால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதோ கிடந்தது. யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துரு. அதன் பெயர் எழுத்துருப் பெட்டியில் அப்படியே இருந்தது. அதற்கேற்ற எழுத்துரு மாற்றியில் பத்தி பத்தியாக ஒட்டி யூனிகோடாக்கினேன். இதற்குத்தான் இரண்டு மாலைகள் ஆயின. கடைசியில் ஓடிடி (.odt), டாக்எக்ஸ் (.docx) என்ற இரண்டு கோப்பு வடிவங்களிலும் சேமித்தேன். பழைய கோப்பையும் அழிக்கவில்லை.